இடது பக்கத்து பிஷப்

"இந்த பிஷப் எப்ப இங்க வந்துச்சு?" என்று கேட்டார் சாகுல் அண்ணன்.

நானும் மோகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கறுப்பு பிஷப் புதிதாக எங்கிருந்தும் வந்துவிடவில்லை. செஸ் ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மோகன் அதைக் கொண்டுபோய் அந்த ஓரத்தில் வைத்துவிட்டான். அதன்பிறகு அது அசையவே இல்லை. அங்கிருந்து மூலைவாட்டில் சாகுல் அண்ணனின் யானையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. நடுவில் அவருடைய குதிரை ஒன்று மறைத்துக்கொண்டிருந்தது. அந்தக் குதிரையை அவரே எடுத்து வேறு கட்டத்தில் வைத்தார். பிஷப் ஒரே ஓட்டமாக வந்து யானையை வெட்டியது.

"தொடக்கத்துலேருந்து அங்கதான் பாஸ் இருக்கு" என்றான் மோகன். அவன் குரலில் சலிப்பு இருந்தது.

சாகுல் அண்ணன், கடையை விட்டு வெளியே வந்து, பார்க்கிங்கில் விட்ட காரைக் காணாமல் நிற்பவர் மாதிரி போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டெக்சாஸ், ரவுண்ட் ராக். எங்கள் அபார்ட்மெண்ட்டின் கிளப் ஹவுஸ். சனிக்கிழமை மதியம். வெளியே நீச்சல் குளத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். இருந்தும் குளோரின் வாசனை கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. இன்றைக்கும் எந்த ஓட்டலிலாவது அந்த வாசனை வந்தால், எனக்கு நீச்சல் குளம் ஞாபகத்துக்கு வருவதில்லை. அந்த மேசைதான் வருகிறது.

துணி துவைக்கும் அறையில் ஒரு காகிதம்

போன வாரம் இந்தத் தொடரில், டிரைவிங் டெஸ்டில் நான் திரும்பத் திரும்பத் தோற்ற கதையை எழுதியிருந்தேன். லைசென்ஸ் கையில் வந்தபிறகு அந்த ஊரில் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கார் ஓட்டலாம். எங்கே போவது? கணவர் கதிரின் விசாவை ஒட்டிக்கொண்டு வந்தவள் நான். வேலைக்குப் போகக் கூடாது. காலையில் அவர் கிளம்பிப் போனால், ஏர் கண்டிஷனர் நின்று நின்று ஓடும் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

கோபிசெட்டிபாளையத்தில் பள்ளியில் படித்தபோது நான் மாவட்ட அளவில் செஸ் ஆடியவள். கல்யாணத்துக்குப் பிறகு போர்டைத் தொடவில்லை. கதிருக்கு அந்த ஆட்டமே பிடிக்காது. எதிரில் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருப்பதை அவரால் தாங்க முடியாது.

ஒரு நாள் அபார்ட்மெண்ட்டின் லாண்டரி ரூமில் துணி காயக் காத்திருந்தபோது, சுவரில் இருந்த நோட்டீஸ் போர்டைப் பார்த்தேன். யாரோ சோபா விற்கிறார்கள், யாருக்கோ ரூம்மேட் வேண்டும். நானும் ஒரு காகிதத்தில், சனிக்கிழமை இரண்டு மணிக்கு கிளப் ஹவுஸில் செஸ் ஆட விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

முதல் சனிக்கிழமை யாரும் வரவில்லை. அடுத்த வாரம் சாகுல் அண்ணன் வந்தார்.

மேலப்பாளையத்துக்காரர். சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை. ஒல்லியான உடம்பு. டெக்சாஸ் வெயிலிலும் கையில்லாத ஸ்வெட்டர் போட்டிருப்பார். ஆபீஸ் ஏசி எலும்புக்குள் ஏறிவிட்டது, இறங்க மாட்டேன் என்கிறது என்பார். நான் தமிழ் என்று தெரிந்ததும் முதல் ஆட்டம் முடிவதற்குள் என்னைத் தங்கச்சி ஆக்கிவிட்டார்.

மூன்றாவது ஆள் மோகன். சென்னை நங்கநல்லூர்ப் பையன், கல்யாணம் ஆகாதவன், எங்கள் மூவரில் நன்றாக ஆடுகிறவன். நடுநடுவே அமெரிக்கர்கள் சிலர் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஆட்டம் முடிந்து நாங்கள் தமிழில் பேச ஆரம்பித்ததும் எழுந்து போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஆட்டம் ஒரு மணி நேரம் என்றால், அதைப் பற்றிய பேச்சு இரண்டு மணி நேரம்.

ஆசை, பயம், சோம்பேறித்தனம்

அந்தப் பேச்சுக்கு ஒரு முறையைக் கொண்டுவந்தவர் சாகுல் அண்ணன்தான். ஜெயித்த ஆட்டத்தை யாரும் விளக்கக் கூடாது. தோற்ற ஆள்தான் மறுபடி காய்களை அடுக்கி, முதலிலிருந்து ஆடிக் காட்டி, எங்கே என்ன நினைத்தோம் என்று சொல்ல வேண்டும். அவர் முடிக்கும்வரை ஜெயித்தவர் வாயைத் திறக்கக் கூடாது.

"ஜெயிச்சவன் சொல்றதுல என்ன இருக்கு தங்கச்சி? எல்லாம் தெரிஞ்சே செஞ்ச மாதிரி சொல்லுவான். தோத்தவன்தான் நடந்ததைச் சொல்லுவான்" என்பார்.

அவர் தன் தோல்விகளைச் சொல்வதைக் கேட்கவே உட்காரலாம். மோகன் விளக்கினால் கட்டங்களின் எண்கள்தான் வரும். சாகுல் அண்ணன் விளக்கும்போது ஒரு மனிதர் வருவார். இது ஆசையில் வைத்தது, இங்கே எனக்குப் பயம் வந்துவிட்டது, இது சுத்தச் சோம்பேறித்தனம், யோசிக்க அலுப்பாக இருந்தது என்று ஒவ்வொரு காயாகத் தொட்டுச் சொல்லுவார். சிப்பாயைத் தின்னப் போய் ராணியை இழந்த ஒரு ஆட்டத்தை அவர் சொல்லக் கேட்டு, கண்ணில் நீர் வரும்வரை நாங்கள் சிரித்திருக்கிறோம்.

மோகன் எங்கள் ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவான். மெயிலில் ஒரு குழு இருந்தது. சான் ரமோனில் இருந்த அவனுடைய காலேஜ் நண்பர்கள் இருவரும், நியூ ஜெர்சியில் பிரிட்ஜ்வாட்டரில் ஒருவரும் அதில் உண்டு. திங்கட்கிழமை காலை எங்கள் தோல்விகள் அவர்களுக்கும், அவர்களுடையவை எங்களுக்கும் போய்ச் சேரும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கீழே மோகன் தன் கருத்தை எழுதுவான். அவனுக்குக் கூர்மையான கை. படித்தால் சிரிப்பு வரும், எழுதப்பட்டது நம் ஆட்டம் இல்லையென்றால்.

சாகுல் அண்ணனின் மனைவி ரஹ்மத் ஒரு நாளும் கிளப் ஹவுஸுக்கு வந்ததில்லை. கல்யாணமாகி நான்கைந்து வருடம், குழந்தை இல்லை. கார் ஓட்டத் தெரியாது. அவரிடம் ஒரு டப்பா கொடுத்துவிடுவாள், அதில் எங்கள் மூவருக்கும் ஏதாவது இருக்கும். ஒரு முறை நான் அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "என்னமோ கட்டைய வச்சு விளையாடுதாங்க, வந்து ராத்திரி வரைக்கும் அதையே சொல்லுதாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல அக்கா" என்றாள். அலுத்துக்கொள்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் அதில் அலுப்பு இல்லை.

காரணங்களுக்குப் பஞ்சமில்லாத குளிர்காலம்

நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்ததற்குப் பிறகு வந்த குளிர்காலம் அது. கம்பெனிகள் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தன. எங்கள் அபார்ட்மெண்ட்டிலேயே வெள்ளிக்கிழமை மாலை யாராவது ஒருவர் அட்டைப்பெட்டியுடன் காரிலிருந்து இறங்குவார். அடுத்த மாதம் அந்த வீட்டு ஜன்னலில் திரைச்சீலை இருக்காது.

சாகுல் அண்ணனின் பெயர் அந்தக் குளிர்காலத்தில் கனமாகிவிட்டது. ஏர்போர்ட்டில் தனியே கூட்டிப்போய் வைத்திருந்தார்கள். ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர் முன்போல வந்து பேசுவதில்லை. பெட்ரோல் பங்கில் யாரோ ஏதோ சொன்னார்களாம். என்ன சொன்னார்கள் என்பதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. கிரீன் கார்டு வேலை பாதியில் நின்றுகொண்டிருந்தது.

எனவே, அவர் மோசமாக ஆட ஆரம்பித்தபோது எங்களுக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. ரமலான் மாதத்தில் நோன்பு என்றோம். நோன்பு முடிந்ததும் வேலைக் கவலை என்றோம். அவரும் அப்படித்தான் சொன்னார்.

எதிரில் நட்டநடுவே வரும் தாக்குதலை முன்போலவே நன்றாகச் சமாளிப்பார். திடீரென்று ஓரத்திலிருந்து ஒரு யானையோ பிஷப்போ வந்து வெட்டிவிட்டுப் போகும். தோற்றதை விளக்க உட்காருவார். அந்த இடம் வந்ததும் நின்றுவிடுவார். ஆசை என்றோ பயம் என்றோ சொல்ல அவரிடம் எதுவும் இருக்காது.

"இந்த இடத்துல என்ன நெனச்சேன்னா..." என்று தொடங்கிவிட்டு, கொஞ்சம் கழித்து, "ஒண்ணும் நெனைக்கல தங்கச்சி. அது அங்க இல்ல" என்பார்.

மோகன் திங்கட்கிழமை மெயிலில், எதிராளியின் காய்களுக்கு இவர் விடுமுறை கொடுத்துவிட்டார் என்று எழுதினான். சான் ரமோன்காரர்கள் சிரிப்புக் குறி போட்டுப் பதில் அனுப்பினார்கள்.

அவருடைய காரின் இடது பக்கக் கண்ணாடி உடைந்தது. யாரோ பார்க்கிங்கில் இடித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றார். பிறகு அதே பக்கக் கதவில் நீளமாக ஒரு கீறல் வந்தது. அதையும் யாரோ செய்துவிட்டார்கள்.

போர்டைத் திருப்பியபோது

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

யானை போனபின் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது. வழக்கம்போல அவர் காய்களை மறுபடி அடுக்கி ஆடிக் காட்டினார். குதிரையை நகர்த்தும் இடம் வந்ததும் நின்றார். வேறு என்ன ஆடியிருக்கலாம் என்று யோசித்தார். கடைசியில் மறுபடி அதே குதிரையைத்தான் எடுத்தார்.

மோகன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். "பாஸ், இப்பத்தானே சொன்னேன். பிஷப் இருக்கு அங்க. கவனமே இல்ல உங்களுக்கு. வேணும்னா இன்னிக்கு விட்டுடலாம்."

அந்த நேரம் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் இறங்கி சாகுல் அண்ணனின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கண் கூசித்தான் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். இந்தப் பக்கம் வந்து உட்காருங்கண்ணா என்று எழுந்து இடம் கொடுத்தேன். அவர் சுற்றி வந்து மோகனின் பக்கத்தில், கறுப்புக் காய்களுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த உடனே சொன்னார். "அட, பிஷப் இங்கல்ல இருக்கு. குதிரைய எடுத்தா யானை போயிரும்."

மோகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பக்கத்தில் இருந்து பார்க்கும்போது அந்த பிஷப் அவருடைய வலது கைப்பக்கம் இருந்தது.

போர்டிலிருந்து காய்களை எல்லாம் எடுத்தேன். நாலைந்தை மட்டும் அங்கங்கே பரப்பி வைத்தேன். எனக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. போர்டில் என்ன இருக்கிறது என்று வெறுமனே சொல்லுங்கள் என்றேன். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு அவர் சொன்னார். வலது பக்கம் இருந்த யானையைச் சொன்னார், நடுவில் இருந்த ராணியைச் சொன்னார். நிறுத்திக்கொண்டார்.

இடது ஓரத்தில் ஒரு குதிரையும் இரண்டு சிப்பாயும் இருந்தன.

"வேற ஏதாச்சும் இருக்குங்களாண்ணா?"

"இல்லயே."

போர்டை அப்படியே அரைவட்டம் திருப்பினேன். குதிரையும் சிப்பாய்களும் வலது பக்கம் வந்தன. யானை இடது பக்கம் போனது. இப்போது சொல்லுங்கள் என்றேன். குதிரையைச் சொன்னார், சிப்பாய்களைச் சொன்னார், ராணியைச் சொன்னார். யானையைச் சொல்லவில்லை. தேடி, "யானைய எடுத்துட்டியா தங்கச்சி?" என்று கேட்டார்.

மோகன் கையை நீட்டி அந்த யானையைத் தொட்டான். தொட்ட விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான். சாகுல் அண்ணன் அந்தக் கையின் போக்கில் மெல்லத் தலையைத் திருப்பினார். யானை அவருக்குத் தெரிந்தது. அது தெரிந்த கணத்தில் அவர் முகம் என்ன ஆனது என்று எழுத எனக்கு இன்றைக்கும் வார்த்தை கிடைக்கவில்லை.

பிறகு அவரே, "வண்டியையும் நான்தான் இடிச்சிருக்கேன் போல" என்றார்.

அன்று அவரை வீட்டுக்கு நடத்திக் கூட்டிப்போனோம். ஒரே காம்ப்ளெக்ஸ்தான், இரண்டு கட்டடம் தள்ளி. மோகன் அவருக்கு இடது பக்கமாக நடந்தான்.

மெஷின் ரிப்பேர்

டாக்டரிடம் போகலாம் என்றதற்கு அவர் முதலில் மாட்டேன் என்றார். லீவு கேட்டால் ஆள் குறைக்கும் அடுத்த லிஸ்டில் பெயர் வந்துவிடும், இப்போது ஆஸ்பத்திரி என்று போனால் மேனேஜர் என்ன நினைப்பார் என்றார். வேலை போனால் விசா போகும். விசா போனால் இத்தனை வருடம் காத்திருந்தது எல்லாம் போகும். அவர் பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை.

நான் ரஹ்மத்திடம் சொன்னேன். செஸ் தெரியாத ஒருத்திக்கு இதை எப்படிப் புரியவைப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. "தட்டுல பாதி சோத்த விட்டுடுதாங்க அக்கா. புடிக்கலையோன்னு நெனச்சேன்" என்றாள். எந்தப் பாதி என்று கேட்டேன். அவள் மனதுக்குள் அந்தத் தட்டைப் பார்த்தாள். பிறகு இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

அவளே அவரைக் கிளப்பினாள். திங்கட்கிழமை நான்தான் கார் ஓட்டினேன். பின் சீட்டில் ரஹ்மத் வாய்க்குள் ஓதிக்கொண்டு வந்தாள்.

கண் டாக்டரிடம் ஒரு மெஷின் இருந்தது. அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். உள்ளே போனவர் சீக்கிரமே திரும்பி வந்தார்.

"மெஷின் ரிப்பேர் போல தங்கச்சி. ஒரு பக்கம்தான் புள்ளி வருது" என்றார்.

ரஹ்மத் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கண்ணில் எந்தக் குறையும் இல்லை என்று அந்த டாக்டர் சொன்னார். இரண்டு கண்ணும் நன்றாகப் பார்க்கின்றன, பார்த்ததை மூளைதான் வாங்கிக்கொள்ளவில்லை என்றார். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அவரே போன் செய்தார். மாலைக்குள் ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். மூளையின் வலது பின்பக்கத்தில் கட்டி இருந்தது. அந்த வாரமே ஆபரேஷன். எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டோம் என்றார் சர்ஜன். அந்த வாக்கியத்தில் என்ன மிச்சம் இருக்கிறது என்பது கதிருக்கு உடனே புரிந்தது. எனக்கு வீட்டுக்கு வந்தபிறகுதான் புரிந்தது.

மோகன் அன்று காத்திருப்பு அறையில் காப்பி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"நான் எழுதினது எல்லாத்தையும் அவரு படிச்சாரு இல்ல?" என்றான்.

படித்தார்தான். படித்துவிட்டு, மோகன் சொல்வது சரி என்று என்னிடம் சொல்வார். அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

இடது பக்கத்தை நாங்கள் சொன்னோம்

ஒன்றை எழுதியாக வேண்டும். அவர் எந்த மேனேஜரை நினைத்துப் பயந்தாரோ, அந்த மனிதர் அவரைக் கடைசிவரை வேலையில் இருந்து எடுக்கவில்லை. மேலே என்ன சொல்லிச் சமாளித்தார் என்று தெரியாது. ஒரு முறை வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

கோடை வந்ததும் சாகுல் அண்ணனுக்கு மறுபடி ஆட வேண்டும் என்று ஆசை வந்தது. தலையில் தையல் போட்ட இடத்தில் முடி முளைக்கவில்லை. இடது பக்கப் பார்வை திரும்பவே இல்லை. கிளப் ஹவுஸ் வரை நடக்க முடியாததால் அவர் வீட்டிலேயே உட்கார்ந்தோம். போர்டை அவருடைய வலது கைப்பக்கமாகத் தள்ளி வைத்தோம். அப்படியும் ஓரத்துக் காய்கள் நழுவிப் போகும்.

மோகன்தான் வழி கண்டுபிடித்தான். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால், அவருடைய இடது பக்கத்தில் நிற்கும் காய்களை வாய்விட்டுச் சொல்லுவான். இங்கே யானை, இங்கே சிப்பாய், இங்கே குதிரை. வகுப்பில் அட்டென்டன்ஸ் எடுப்பது மாதிரி, ஒரே குரலில், அவசரப்படாமல். தானே எதிரே ஆடும்போதும் தன் பிஷப் எங்கிருந்து எதைக் குறிவைக்கிறது என்பதைத் தானே சொல்லுவான். மெயிலில் அத்தனை பேரைக் கிண்டல் செய்தவன் அவன்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

சமையலறையில் ரஹ்மத் பாத்திரம் கழுவும் சத்தம் அப்போது நின்றுவிடும். மோகன் சொல்லி முடித்தபிறகுதான் குழாயை மறுபடி திறப்பாள்.

அந்தக் கோடையில் அவர் என்னை ஒரு முறை ஜெயித்தார். என் காய்கள் எங்கே நிற்கின்றன என்று நானே ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் நீண்ட நேரம் யோசித்தார். தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு ஒரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். என் ராணிக்குப் போக இடம் இல்லை. நான் வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கவில்லை. அதை அவரும் தெரிந்துவைத்திருந்தார். தோற்றவள் நான் என்பதால் விளக்குவதும் என் வேலையாக இருந்தது. விளக்க விளக்க அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஆட்டம் அதிகம் நடக்கவில்லை. குளிர் தொடங்கியபோது பேச்சு குழறியது. அடுத்த வசந்தத்தில், சாலையோரத்தில் நீலப் பூக்கள் வந்த சமயம், ஒரு காலை நேரத்தில், அவர் போய்விட்டார்.

அன்றே அடக்கம். ஊருக்கு வெளியே, மரம் அதிகம் இல்லாத ஒரு நிலம். கதிரும் மோகனும் போனார்கள். திரும்பி வந்தபோது இருவர் ஷூவிலும் சிவப்பு மண் ஒட்டியிருந்தது. கதிர் ஷூவைக் கழற்றாமலே வெகுநேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

ரஹ்மத்

அவளுடைய விசாவும் என்னுடையதைப் போலத்தான், கணவரின் விசாவை ஒட்டிக்கொண்டது. அவர் இல்லையென்றால் அதுவும் இல்லை. அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் ஊரிலிருந்து போன் செய்து, உடனே கிளம்பி வா, டிக்கெட் போடுகிறேன் என்றார். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். கணவர் இருந்த வீட்டில்தான் இத்தா இருப்பேன் என்றாள். கணவனை இழந்தவள் நான்கு மாதத்துக்கு மேல் வெளியே போகாமல், வெளி ஆண்கள் யாரையும் பார்க்காமல் இருக்க வேண்டும். வக்கீலிடம் பேசி, விசிட்டராக இன்னும் சில மாதம் இருக்க அனுமதி கேட்டு விண்ணப்பித்தாள். அதுவரை வீட்டு வாசலைத் தாண்டி ஒரு காரியம் செய்திராதவள், போனில் அந்த வக்கீலிடம் ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகக் கோத்துப் பேசினாள். நான் பேசுகிறேன் என்றபோது வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அந்த மாதங்களில் நான்தான் போய் வந்துகொண்டிருந்தேன். மோகன் மளிகை வாங்கிக் காரில் கொண்டுவந்து கீழே நிற்பான். நான் மேலே தூக்கிக்கொண்டு போவேன். அவன் அண்ணாந்து அந்த ஜன்னலைப் பார்க்கவும் மாட்டான், உடனே கிளம்பவும் மாட்டான். அவன் மறுபடி செஸ் ஆடி நான் பார்க்கவில்லை. மெயில் குழு தானாக ஓய்ந்துவிட்டது.

இத்தா முடிய ஒரு வாரம் இருக்கும்போது வீட்டைக் காலிசெய்யத் தொடங்கினோம். சோபா போனது, கட்டில் போனது. ஒரு காலையில் நான் போனபோது, வெறும் கார்ப்பெட்டின் மேல் ரஹ்மத் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே செஸ் போர்டு இருந்தது. காய்கள் எல்லாம் தாறுமாறாக நின்றன. எதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியாது.

"அவங்கள இங்க விட்டுட்டு நான் மட்டும் போறேன்" என்றாள். அழவில்லை. ஒரு தகவலைச் சொல்வது மாதிரிதான் சொன்னாள். பிறகு, "அவங்க ஆடுனது ஒண்ணு எனக்குக் காட்டுதீங்களாக்கா?" என்று கேட்டாள்.

என்னை அவர் ஜெயித்த ஆட்டம் எனக்கு மனப்பாடம். காய்களை ஒழுங்காக அடுக்கினேன். அவர் எந்தப் பக்கம் என்று கேட்டாள். வெள்ளை என்றேன். எழுந்து வந்து வெள்ளைக் காய்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

ஒவ்வொன்றாக நகர்த்தினேன். இது அண்ணா வைத்தது, இது நான் வைத்தது. காய்களின் பெயரை அவள் கேட்கவில்லை. ஏன் வைத்தார் என்றும் கேட்கவில்லை. என் கை போகும் இடமெல்லாம் அவள் கண் போனது. அந்தச் சிப்பாய் வரும் இடத்தில் கையை நிறுத்தி, இங்கே அண்ணா ரொம்ப நேரம் யோசித்தார் என்றேன்.

"எம்புட்டு நேரம்?"

"இருபது நிமிஷம் இருக்குமுங்க."

"அந்த நேரம் என்ன செஞ்சாங்க?"

"ஒண்ணும் செய்யல. போர்டைப் பாத்துட்டு உக்காந்திருந்தாரு."

ரஹ்மத் தலையசைத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கைகளை மடியில் வைத்து, போர்டைப் பார்க்க ஆரம்பித்தாள். அவளுக்கு அதில் எதுவும் தெரியாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் கண்ணை எடுக்கவில்லை. வெளியே யாரோ புல்வெட்டும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அது எங்கள் கட்டடத்தைச் சுற்றி வந்து, தூரமாகப் போய், நின்றுபோனது. சமையலறையில் ஃபிரிட்ஜின் உறுமல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

கால் மரத்துப்போகிற அளவுக்கு நேரம் போயிற்று.

"சரிக்கா" என்றாள் ரஹ்மத். "இப்ப அவங்க வச்சத வைங்க."